கூட்டு நிரலாக்கத்தில் பிசிறு களைதல்: கோட்டைக்குப்பம் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து ஒரு விளக்கம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள மீனவர் ஊர்களுள் கோட்டைக்குப்பம் ஒன்று. இப்பெயரில் உள்ள எழுத்துகள் எட்டு: கோ, ட், டை, க், கு, ப், ப, ம். தமிழ் பயிலத் தொடங்கிய சிறுவனும் இங்ஙனமே எண்ணுவான். கணிப்பொறியோ இங்ஙனம் எண்ணுவதில்லை. யூனிக்கோடு என்னும் குறியீட்டு முறையில் அகரமேறிய மெய் ஒரு குறியாகவும், அதனை அடுத்துவரும் உயிர்க்குறியோ புள்ளியோ மற்றொரு குறியாகவும் நிற்கும். அக்கணக்கின்படி இப்பெயர் 15 குறிகளால் ஆயது. இனி, முதலெழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாக இடாமல், முன்னிற்கும் ஏகாரக் கொம்பு, பின்னிற்கும் கால் என இரண்டாக இடினும் திரையில் அதே வடிவமே தோன்றும். ஆனால் குறிகள் 16 ஆகிவிடும். கண்ணுக்கு ஓர் ஊர். பொறிக்கு இரண்டு ஊர். ஒன்றைத் தேடுவார்க்கு மற்றொன்று அகப்படாது.

இதனை ஒரு சிறு பிழை எனத் தள்ளிவிடலாகாது. கோட்டைக்குப்பத்தாரின் மீன்பிடித் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றைத் தேடவும் அகரநிரற்படுத்தவும் வல்ல நிரல் ஒன்றனை முதுகலை மாணவர் சிலர் கூடி எழுதுகின்றனர் எனக் கொள்வோம். நால்வர் நிரல் எழுதுவர். அறுவர் சொற்களை உள்ளிடுவர். ஒவ்வொருவர் கணிப்பொறியும் வேறு. விசைப்பலகை முறையும் வேறு. ஓராண்டு கழித்து ஒரு சொல்லைத் தேடுவார்க்கு அது கிடைக்கவில்லையெனின், அச்சொல் அவ்வூரில் வழங்கவில்லை என்றே அவர் முடிவுகட்டுவார். பிழையென்று ஒருவரும் ஐயுறார். பட்டியலில் இருந்தும் இல்லாததாய்விடும் சொல்லின் நிலை, சுவடியில் செல்லரித்த சொல்லின் நிலையினும் இரங்கத்தக்கது. செல்லரித்த இடம் கண்ணுக்கேனும் தெரியும்.

இத்தகைய பிழைகளை மனிதர் கண்ணுக்கு விடாமல் பொறியைக் கொண்டே பிடிக்கும் முறை ஒன்று நிரலாளரிடையே அரை நூற்றாண்டளவாக வழங்கிவருகின்றது. தமிழாய்வுத் துறையினர்க்கு அது மிகவும் பயன்படும் என்பது எம் கருத்து. அதன் இயல்பையும், ஒரு குழு அதனை அமைத்துக்கொள்ளும் வகையையும், அதனால் நேரக்கூடிய கேட்டையும் ஈண்டு விளக்குவாம்.

பெயரும் பிறப்பும்

அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பார் 1978-ஆம் ஆண்டளவில் 'லிண்ட்' என்னும் கருவியை ஆக்கினார். சி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டவற்றைப் படித்து, ஐயத்திற்கு இடமானவற்றைச் சுட்டுதல் அதன் பணி. லிண்ட் என்பது துணியில் ஒட்டிநிற்கும் நுண்ணிய நூற்பிசிறு. துணி கிழியவில்லை, உடுத்தவும் கூடும், எனினும் பிசிறு களையப்படவேண்டும். இக்கருவிக்குத் தமிழில் 'பிசிறுகாட்டி' என்று பெயரிடுவோம். காட்டுவதே அதன் தொழில். களைவது பெரும்பாலும் நம் தொழில் என்பதை இப்பெயர் நினைவூட்டும்.

மொழிமாற்றியாகிய கம்பைலர், இலக்கணம் வழுவிய நிரலை ஏற்க மறுக்கும். பிசிறுகாட்டியோ இலக்கணம் வழுவாத நிரலினுள்ளும் நுழைந்து பார்க்கும். ஒரு பெயரை அறிவித்துவிட்டுப் பின்னர் எங்கும் ஆளாமை, ஒருபோதும் எட்டமுடியாத இடத்தில் ஒரு கட்டளை கிடத்தல், ஒப்பிடற்குரிய குறி நிற்கவேண்டிய இடத்தில் மதிப்பிடும் குறி நிற்றல் ஆகியன அது காட்டும் குற்றங்களுட் சில. இவை அற்பம் அல்ல என்பதற்கு 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் பிழையே சான்றாகும். பாதுகாப்பான இணைப்பைச் சோதிக்கும் நிரலில் ஒரே வரி தவறுதலாக இருமுறை அடுத்தடுத்து நின்றது. முதல் வரி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாம் வரி எந்நிபந்தனைக்கும் உட்படாது எப்போதும் இயங்கியது. அதன்பின் இருந்த சோதனை எட்டப்படாமற் போயிற்று. மறுமுனையின் கையொப்பம் மெய்யோ பொய்யோ என ஆராயப்படாமலே ஏற்கப்பட்டது. மொழிமாற்றிக்கு அதில் குறை ஏதும் தோன்றவில்லை. எட்டமுடியாத கட்டளையைச் சுட்டும் விதியொன்று அங்கே இயங்கியிருப்பின் அப்பிழை எழுதிய அன்றே தெரிந்திருக்கும்.

நன்னூல் தரும் விதிகள்

நிரலுக்கு வகுத்த இம்முறை தமிழ் உரைக்கும் பொருந்துமோ எனின், நன்கு பொருந்தும். அதற்கு வேண்டும் விதிகளிற் பல நம்மிடம் முன்னரே உள்ளன. தொல்காப்பிய நூன்மரபும் மொழிமரபும், பின்னர்ப் பவணந்தியாரின் எழுத்தியலும், எவ்வெழுத்து மொழிமுதல் வரும், எது ஈற்றில் நிற்கும், எம்மெய்யோடு எம்மெய் மயங்கும் என்பனவற்றை வரையறுத்துள்ளன. பொருளை நோக்காது எழுத்தின் வடிவையும் இடத்தையும் மட்டுமே நோக்கும் விதிகளாதலின், இவை பொறிக்கு எளியவை.

எடுத்துக்காட்டாக, ஈரொற்று மயக்கத்தை நோக்குவோம். ஒரு சொல்லில் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரின் முன்னது ய், ர், ழ் என்னும் மூன்றனுள் ஒன்றாதல் வேண்டும். காய்ச்சல், பார்க்க, வாழ்க்கை என்பன அவ்வாறு அமைந்தவை. ஆகவே 'முயற்ச்சி', 'கற்ப்பனை', 'பழவேற்க்காடு' என எழுதப்படுவன எல்லாம் ஒரே விதியால் அகப்படும். பொறிக்கு இதனைச் சொல்லுதல் ஒரு வரியில் முடியும்: மெய்க்குறி, புள்ளி, மெய்க்குறி, புள்ளி என்னும் நான்கு தொடர்ந்து வரின், முதன்மெய் ய, ர, ழ அல்லவாயின் காட்டுக. அகராதியும் வேண்டா, சொற்பொருளும் வேண்டா.

இதனினும் பயன் மிக்கது வல்லெழுத்து மிகுதல் பற்றிய விதி. மிகவேண்டிய இடத்தில் மிகாமையைக் கண்டுபிடித்தல் அரிது. வேற்றுமையும் வினையெச்சமும் பொறிக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் மிக்க எழுத்து பொருந்தி நிற்கின்றதா எனப் பார்த்தல் மிக எளிது. ஒரு சொல் க், ச், த், ப் என்பவற்றுள் ஒன்றால் முடியின் அடுத்த சொல் அவ்வெழுத்தின் இனத்தாலேயே தொடங்கவேண்டும். 'மீன் பிடித்துக் கொண்டு வந்தான்' என எழுதிய ஒருவர் பின்னர்க் 'கொண்டு' என்பதை நீக்கினால் 'பிடித்துக் வந்தான்' என எஞ்சும். திருத்தியவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். ஏனெனில் அவர் தாம் கருதியதையே படிப்பார். நிரலில் ஒரு பகுதியை நீக்கியபின் ஆளப்படாமல் எஞ்சிநிற்கும் பெயரும் இத்தகையதே.

குறியீட்டு நிலையில் எழும் பிழைகள் வேறு வகையின. ஓகாரக் குறி இருவகையாக இடப்படுதலை முதலிற் கூறினோம். இதற்கு யூனிக்கோடே தீர்வு வகுத்துள்ளது. பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவிற்குக் கொணரும் இயல்பாக்கம் எல்லா நிரல்மொழிகளிலும் எளிதிற் கிடைக்கும். இதனைப் பொறி தானே திருத்திக்கொள்ள விடலாம். ஔகாரத்தில் அவ்வாறு விடமுடியாது. 'வௌவால்' என்பதை ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்துமாக 'வெளவால்' என உள்ளிடுவார் பலர். ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் வடிவால் ஒத்திருப்பினும், இவற்றை ஒன்றெனக் கொள்ள யூனிக்கோடு இடந்தராது. அங்ஙனமாயின் கொம்பும் ளகரமும் வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமே எனின், ஏரியில் வாழும் கெளுத்தி மீன் சிதைந்துபோம், கெளிறும் அப்படியே. ளகரத்தின்பின் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதவழி மட்டுமே ஐயுறவேண்டும். அப்போதும் காட்டுவதோடு நிற்றல் நன்று. ஏன் என்பதனைப் பின்னர்க் காண்போம்.

ஏட்டுச்சுவடிகளில் புள்ளி இடப்பெறாமையும், காலும் ரகரமும் ஒரே வடிவாய் நின்றமையும் பதிப்பாசிரியர்க்கு இழைத்த தொல்லைகளை நம் துறையினர் நன்கறிவர். இன்றைய தொல்லை அதன் மறுதலை. அன்று வேறானவை ஒன்றாய்த் தோன்றின. இன்று ஒன்றானவை வேறாய் நிற்கின்றன.

குழுவில் அமைக்கும் வகை

கருவியை நிறுவுதல் அரைநாட் பணி. விதிகளுக்கு உடன்படுதலே பெரும்பணி. பழவேற்காட்டு ஏரியே இதற்கு ஓர் ஒப்புமை தருகின்றது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்னும் மூன்று ஊரார் ஏரியின் மீன்பிடி இடங்களைப் 'பாடு' என்னும் முறையால் பகிர்ந்துவந்துள்ளனர். நல்ல இறால் படும் இடங்கள் சிலவே, வலைகளோ பல. ஆதலின் தலைக்கட்டு என எண்ணப்படும் குடித்தலைவர்க்கு உரிமை வகுத்து, எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்து முன்னரே அறுதியிடுவர். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இப்பெயராலேயே ஒப்புமையுடைய முறை ஒன்று சீட்டெடுத்து நடத்தப்பட்டு வந்துள்ளது. நீரில் இறங்கியபின் வழக்காடுதல் இராது. கரையிலேயே முடிவு செய்யப்பட்டிருக்கும். பிசிறுகாட்டியின் சிறப்பும் இதுவே. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்து 'இங்குப் பிழை' எனச் சொல்லுதல் உளக்கசப்பிற்கு இடமாகும். மாணவர் பேராசிரியரிடம் சொல்லுதலோ இன்னும் அரிது. முன்னரே எல்லாரும் உடன்பட்ட விதியைப் பொறி சொல்லுமாயின் அங்கே உயர்வு தாழ்வு இல்லை.

எனினும் பாட்டு முறையைக் குறையற்றதென நாம் கூறவில்லை. உரிமைப் பட்டியலில் இடம்பெறாத பிற ஊராரும் பிற வகுப்பாரும் ஏரியில் தமக்கும் பங்கு வேண்டுமெனக் கேட்டதும், அதனால் பூசல்கள் எழுந்ததும் உண்டு. விதியை வகுக்கும் அவையில் யார் இருந்தனர் என்பது எவ்விதிக்கும் உரிய வினா. நம் சொற்றொகுப்பில் நிரல் எழுதுவார் நால்வர் மட்டும் கூடி விதி வகுத்துவிட்டு, உள்ளிடுவார் அறுவரை அதற்குப் பணியச் செய்தால் பணி விரைவில் குலையும்.

உடன்பட்ட விதிகளை ஒரு கோப்பில் எழுதி, நிரலோடும் தரவோடும் ஒரே களஞ்சியத்தில் வைத்தல் வேண்டும். தனியொருவர் கணிப்பொறியில் இருக்கும் விதி விதியன்று. கருவியின் பதிப்பெண்ணையும் அங்கேயே குறித்துவிட வேண்டும். இல்லையெனில் ஒருவர் கணிப்பொறியில் தூயதெனத் தேறியது மற்றொருவர் கணிப்பொறியில் குற்றமுடையதாகக் காட்டப்படும். பைதான் மொழியில் எழுதுவார்க்கு 2003 முதல் 'பைலிண்ட்' உண்டு. 2022-இல் தோன்றிய 'ரஃப்' மிக விரைவானது. சாவாஸ்கிரிப்டுக்கு 2013-இல் தோன்றிய 'ஈஎஸ்லிண்ட்' பெரிதும் வழங்குகின்றது. தமிழ் உரைக்கான விதிகளை நாமே சிறு நிரலாக எழுதிச் சேர்க்கவேண்டும். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் 'ஓப்பன் தமிழ்' என்னும் திறந்த நிரற்றொகுதி இதற்குத் துணையாகும்.

சோதனை மூன்று இடங்களில் நிகழலாம். எழுதும்போதே திரையில் அடிக்கோடிட்டுக் காட்டுதல் ஒன்று. எழுதியதைக் கிட் என்னும் பதிவுமுறையில் பதியும் நேரத்தில் தடுத்து நிறுத்துதல் மற்றொன்று. பொதுக் களஞ்சியத்திற்கு வந்தபின் சேவையகம் தானே சோதித்து, தேறினாலன்றிச் சேர்க்க மறுத்தல் மூன்றாவது. முதலிரண்டும் எழுதுவார்க்கு வசதி, மூன்றாவதே காவல். கிட் முறையில் பதிவுநேரத் தடை ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் தனித்தனியே நிறுவப்படவேண்டியது. களஞ்சியத்தைப் படியெடுத்தால் அது உடன் வாராது. வேண்டுமென்றே அதனைத் தாண்டிச் செல்லவும் கூடும். ஆகவே சேவையகச் சோதனை இல்லாத ஏற்பாட்டை ஏற்பாடெனக் கொள்ளற்க.

முன்னரே ஐயாயிரம் சொற்கள் உள்ளிடப்பட்டபின் சோதனையைத் தொடங்கினால் முதல்நாளே பல்லாயிரம் குற்றங்கள் வந்து குவியும். கண்டவர் மலைத்துச் சோதனையையே நிறுத்திவிடுவர்; இது பல குழுக்களில் நிகழ்வது. பழையனவற்றை ஒரு பட்டியலாக எழுதி ஒதுக்கிவைத்து, இன்றுமுதல் புதிதாக எழுதுவனவற்றிலும் திருத்துவனவற்றிலும் மட்டும் விதியைச் செலுத்துதலே தக்கது. ஒதுக்கிய பட்டியல் நாளடைவில் தேயும். விதிகளையும் ஒரேயடியாகப் பெருக்கலாகாது. ஐந்தாறு விதிகளோடு தொடங்கி, ஒவ்வொன்றையும் 'தடை', 'எச்சரிக்கை' என வகைப்படுத்த வேண்டும். ஈரொற்று விதி உரைநடைக்குத் தடையாகலாம். மொழிமுதல் விதி எச்சரிக்கையாகவே இருக்கவேண்டும். அதனைத் தடையாக்கின் இக்கட்டுரையே தேறாது: லிண்ட் என்னும் சொல் லகரத்தில் தொடங்குதல் ஒன்று, ணகரமும் டகரமும் ஈரொற்றாதல் ஒன்று, டகர ஈற்றது ஆதல் ஒன்று என முக்குற்றமும் உடையது.

விதிவிலக்கு

எவ்விதிக்கும் விலக்கு வேண்டியிருக்கும். 'லக்ஷ்மி' என்பதில் ககர மெய்யும் ஷகர மெய்யும் அடுத்து வருதலைப் பொறி குற்றமெனக் காட்டும். செய்யுளில் வரும் 'போன்ம்' என்னும் மகரக்குறுக்கத்தையும் காட்டும். இலக்கண நூலார் தாமே உடன்பட்ட வடிவம் அது. இத்தகைய இடங்களில் அவ்வரியின் ஓரத்தில் விலக்குக் குறி இட்டு, விலக்கிய காரணத்தையும் எழுதவேண்டும். காரணம் எழுதாத விலக்கைச் சேவையகம் ஏற்கலாகாது என்பதே ஒரு விதியாதல் வேண்டும். பின்வரும் ஆய்வாளர்க்கு அவ்விலக்குகளே நல்லதோர் ஆய்வுப்பொருளாம்.

ஊர்ப்பெயரில் ஒரு சிக்கல் உண்டு. பெயர்ப்பட்டியலில் இல்லாத ஊரைக் காட்டுக என விதி வகுத்தோமாயின் 'கோட்டக்குப்பம்' என்பது பிழையாகக் காட்டப்படும். ஐகாரம் விடுபட்டதென்று எவரும் திருத்தவே முற்படுவர். ஆனால் புதுச்சேரியை அடுத்து, விழுப்புரம் மாவட்டத்தில், கோட்டக்குப்பம் என்றே ஓர் ஊர் உள்ளது. தகவல் எங்குத் திரட்டப்பட்டது என்பதை அறிந்தவரே இதனைத் தீர்க்க வல்லார். பொறி தானே திருத்தியிருப்பின் ஓர் ஊர்ச் சொல் மற்றோர் ஊருக்குப் போயிருக்கும். அதன்பின் அதனைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இதனினும் பெரிய கேடு வட்டாரச் சொற்களுக்கு நேர்வது. இறாலைச் சென்னைப் பக்கத்தார் பேச்சில் 'எறா' என்பர். யாழ்ப்பாணத்தார் 'றால்' என்பர். றகரம் மொழிமுதல் வாராதென நன்னூலார் விதித்தார். மக்கள் நாவில் வருகின்றது. விளக்கைப் பேச்சில் 'வெளக்கு' என்பது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கு. அதில் கொம்பும் ளகரமும் தம் இயல்பிலேயே நிற்கின்றன. பின்னால் உயிர்க்குறியும் இல்லை. ஔகாரப் பிழையைத் தானே திருத்தும் நிரல் இதனை 'வௌக்கு' என ஆக்கிவிடும். அப்படியொரு சொல் எவ்வூரிலும் இல்லை. ஆயினும் ஐயாயிரம் சொற்களிடையே அது அச்சேறுமாயின், பழவேற்காட்டு வழக்கு எனப் பிற்காலத்தார் மேற்கோள் காட்டவும் கூடும். மீனவர் வாய்மொழியைக் காக்க எழுந்த தொகுப்பே அதனைத் திருத்தி அழித்துவிடுதல் இரங்கத்தக்கது.

ஆதலின் தரவின் ஒவ்வொரு பதிவையும் இரு கூறாகப் பிரித்து வைக்கவேண்டும் என்போம். சொன்னவர் வாய்ச்சொல் ஒரு கூறு. தொகுப்பார் எழுதும் பொருள்விளக்கம் மற்றொரு கூறு. விளக்கக் கூற்றில் எல்லா விதிகளும் செல்லும். வாய்ச்சொற் கூற்றிலோ குறியீட்டு விதிகள் மட்டுமே செல்லும்: குறிகளின் இயல்பாக்கம், ஈருயிர்க்குறிகள் அடுத்தடுத்து நில்லாமை, கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் குறிகள் ஒளிந்து நில்லாமை என்னும் இம்மூன்று. நன்னூல் விதி ஒன்றும் அங்கே நுழையலாகாது. இப்பிரிவினையை நிரல் எழுதத் தொடங்குமுன்பே செய்தல் வேண்டும். இரண்டும் ஒரே கட்டத்தில் கலந்து எழுதப்பட்டபின் எது வாய்ச்சொல், எது விளக்கம் எனப் பொறியாற் பிரித்தல் இயலாது.

பலர் கூடித் தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி நமக்குப் புதிதன்று. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழரும் ஊதியம் பெறாது உள்ளிட்டும் மெய்ப்புப் பார்த்தும் வருகின்றனர். தொடக்கத்தில் வெவ்வேறு எழுத்துரு முறைகளிலும், பின்னர்த் தகுதரம் எனப்படும் டிஸ்கி முறையிலும், அதன்பின் யூனிக்கோட்டிலும் அத்திட்டத்தின் நூல்கள் வெளிவந்தன. ஒரு முறையிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும்போது என்னென்ன பிசிறுகள் எஞ்சும் என்பதை அறிய விரும்புவோர் ஈண்டுக் கூறிய ஈரொற்று விதியையும் ஔகார விதியையும் ஏதேனும் ஒரு பழைய மின்னுரையின்மேல் செலுத்திப் பார்க்கலாம். விதிகள் இரண்டும் பத்து வரிகளில் அடங்கும்.